எடை குறைந்த கப்பி: இலாபமா, நட்டமா?

காரின் முன்மூடியைத் திறந்து பார்த்தால், எஞ்சினின் ஒரு முனையில் ஒரு கப்பியும் அதன்மேல் ஓடும் பெல்ட்டும் தெரியும். மெக்கானிக்குகள் இதைப் ‘புல்லி’ என்பார்கள். பிஸ்டன்களின் முன்பின் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் நுனியில் இது பொருத்தப்பட்டிருக்கிறது. ஆல்ட்டர்னேட்டர், தண்ணீர்ப் பம்பு முதலியவை பெல்ட் வழியாக இதிலிருந்தே சுழற்சியைப் பெறுகின்றன.

கனமான இந்த இரும்புக் கப்பியைக் கழற்றிவிட்டு, இலேசான அலுமினியக் கப்பியைப் பொருத்தினால் கார் பாய்ந்து செல்லும் என்று வேகப்பிரியர்கள் பலர் நம்புகின்றனர். இது எவ்வளவு தூரம் உண்மை?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நேர்கோட்டில் செல்லும் பொருளுக்கு நிறை எப்படியோ, சுழலும் பொருளுக்கு நிலைமத் திருப்புத்திறன் அப்படி. அது மிகுதியானால், சுழற்சியை விரைவாக்கக் கூடுதல் திருப்பு விசை வேண்டும். தட்டு வடிவப் பொருளுக்கு இதன் மதிப்பு, நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கக் கிடைப்பது.

இரும்புக் கப்பியின் நிறை 2.5 கிலோகிராம், ஆரம் 8 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நிலைமத் திருப்புத்திறன் 0.008 கிலோகிராம் மீட்டர்² ஆகிறது. அதே அளவுள்ள அலுமினியக் கப்பி 0.75 கிலோகிராம் எனில், 0.0024. மிச்சம் 0.0056.

இரண்டாவது கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு 2000 சுற்றுகளிலிருந்து 6000 சுற்றுகளுக்கு ஏற 4 விநாடிகள் ஆவதாகக் கொண்டால், மிச்சமாகும் திருப்பு விசை சுமார் 0.6 நியூட்டன் மீட்டர். எஞ்சின் தரும் விசையோ 120 நியூட்டன் மீட்டர் எனலாம். அதாவது ஆதாயம் இருநூறில் ஒரு பங்குதான்! மேல் கியர்களில் இது இன்னும் குறையும். ஒரே வேகத்தில் ஓடும்போது ஆதாயம் அறவே இல்லை.

அப்படியானால் வித்தியாசம் தெரிகிறதே என்பார்கள். நின்ற காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், அதே 4000 சுற்றுகள் அரை விநாடியில் ஏறிவிடலாம். அப்போது மிச்சம் எட்டு மடங்காகிறது. எஞ்சின் துள்ளுவது உண்மை. ஆனால் அத்துள்ளல் சாலையில் கிடைப்பதில்லை.

கப்பியின் விட்டத்தையே குறைப்பது வேறு வழி. இதனால் ஆல்ட்டர்னேட்டரும் பம்பும் மெதுவாகச் சுழன்று, ஓரளவு திறன் மிச்சமாகும். ஆனால் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது பாட்டரி சரியாக மின்னேற்றம் பெறாது. பம்பைப் பெல்ட் இயக்கும் எஞ்சினாயின் சூடும் ஏறலாம்.

கப்பிக்குள் ஒரு காவலன்

உண்மையான ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. கிராங்க் தண்டு எஃகால் ஆனதாயினும், ஒவ்வொரு வெடிப்பின்போதும் சிறிதளவு முறுக்கிக்கொண்டு மீள்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 6000 சுற்றுகளில் ஓடினால், விநாடிக்கு 200 வெடிப்புகள். தண்டின் இயல்பதிர்வெண் 400 என்றால், வெடிப்புகளின் இரண்டாம் மடங்கு அதனோடு ஒத்துப்போகும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளத் தள்ள வீச்சு பெருகுவதுபோல், முறுக்கதிர்வும் பெருகும். இதுவே ஒத்ததிர்வு.

இதைத் தணிப்பதற்காகவே பல கார்களில் கப்பியை இரு பகுதிகளாகச் செய்கிறார்கள். நடுக்குடத்திற்கும் கனமான வெளிவளையத்திற்கும் இடையே இரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அதிர்வாற்றலை இரப்பர் வெப்பமாக மாற்றிவிடுகிறது. ஆகவே, வீண் சுமையாகத் தோன்றும் அந்தக் கனம் உண்மையில் வேலை செய்கிறது.

இது புதிய செய்தியன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஆறு சிலிண்டர் எஞ்சின்களின் நீண்ட தண்டுகள் இவ்வதிர்வால் முறிந்தன. ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் அதற்கென்றே ஓர் அதிர்வடக்கியை வடிவமைத்தார்.

அதை நீக்கினால் தீங்கு உடனே தெரியாது. எண்ணெய்ப் பம்பின் பற்சக்கரங்களும் பேரிங்குகளும் மெல்ல மெல்லத் தேயும். உலோகச் சோர்வால் தண்டில் விரிசல் தோன்றி, ஒருநாள் முறியவும் கூடும்.

யாருக்கு ஏற்றது?

குட்டையான, விறைப்பான தண்டுள்ள சில எஞ்சின்களில் தயாரிப்பாளரே இரப்பர் இல்லாத கப்பியைப் பொருத்தியிருப்பார். அங்கே இலேசான கப்பியால் பெருந்தீங்கு இல்லை, பெரும்பயனும் இல்லை. அடிக்கடி பிரித்துச் சோதிக்கப்படும் பந்தய எஞ்சின்களில் சிறு ஆதாயமும் பொருட்படுத்தத் தக்கது. குடும்பக் காருக்கு அக்கணக்குப் பொருந்தாது.

எனவே, கப்பியை மாற்ற நினைப்பவர் முதலில் அதில் இரப்பர் வளையம் உள்ளதா என்று பார்க்கட்டும். இருந்தால், அதை அப்படியே விட்டுவிடுவதே அறிவுடைமை. இருநூறில் ஒரு பங்கு ஆதாயத்திற்காக எஞ்சினையே பணயம் வைக்கலாமா?