உங்களுக்குத் தெரியுமா? ஓர் ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு பெட்டிகள்

அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் 1969-இல் வெளியிட்ட எஸ்.வி.டி. என்னும் பேஸ் கிதார் ஆம்ப்ளிஃபயர், 14 வால்வுகளின் துணைகொண்டு 300 வாட் என்ற, அந்நாளில் அசாதாரணமான சக்தியை அளித்தபடியால், அக்காலத்து ஸ்பீக்கர்கள் பழுதுபடாதிருக்கும் பொருட்டு, எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர்கள் அடங்கிய பெரும் பெட்டிகள் இரண்டை அதனோடு சேர்த்துப் பிரயோகிப்பதே உசிதமெனக் கருதப்பட்டது. ஆம்ப்ளிஃபயரின் முற்பகுதியான ப்ரீஆம்ப் நாதத்தின் குணத்தை எவ்வளவு அழகாக வகுத்தாலும், ஸ்பீக்கரை அசைக்கும் சக்தி அதனிடம் இல்லையாதலால், பெட்டியின் தாங்குதிறனையும் மின்மறுப்பையும் முதலில் ஆராய்வதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம். 4 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்த மின்மறுப்பு 2 ஓமாகக் குறைந்துவிடும். அதற்கென அமைக்கப்படாத டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் மிதமிஞ்சிச் சூடேறிப் பழுதாகலாம். வால்வு ஆம்ப்ளிஃபயருக்கோ, ஸ்பீக்கரே இணைக்காமல் வாசிப்பதுதான் பேரபாயம். அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகக்கூடும்.