செவியால் பழகிய கண்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வாழும் தமிழன்பர்கள் குடிமல்லம் என்னும் ஊரை அறிந்திருப்பார்கள். விஜயபுரத்திலிருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் கண்டு திரும்பிவிடலாம். அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் கருவறையில், ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள இலிங்கத்தின் முன்புறத்தில், வேடன் போன்ற ஓர் உருவம் நின்ற கோலத்தில் செதுக்கப்பட்டுள்ளது. கையிலே ஆடு, தோளிலே மழு, காலடியிலே ஒரு குறள் உருவம். இடையில் உள்ள ஆடையோ, உடலின் வடிவத்தைச் சிறிதும் மறைக்காத அளவுக்கு மெல்லியது. இச்சிற்பம் கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. தலைமுறை தலைமுறையாக மக்கள் அதன் முன் நின்று கை கூப்பி வருகின்றனர். மனித மேனி அங்கே நாணத்திற்குரிய பொருளாக அன்றி, வணக்கத்திற்குரிய பொருளாகவே விளங்குகின்றது.

ஆனால் அதே மேனி நிழற்படத்தில் தோன்றும்போது நம் உள்ளம் சற்றே தயங்குகின்றது. அந்தத் தயக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கல்லில் உள்ளவன் சிற்பியின் உள்ளத்தில் பிறந்தவன். படத்தில் உள்ளவனோ உண்மையாகவே ஒரு நாள், ஓர் இடத்தில், கருவியின் முன் நின்றவன். ஆகவே சிற்பிக்கு இல்லாத ஒரு பொறுப்பு நிழற்படக் கலைஞனுக்கு உண்டு. தன் முன் நிற்பவனை அவன் எந்தக் கண்ணோடு பார்க்கின்றான் என்பதே கேள்வி. இக்கேள்வியை மனத்திற் கொண்டு, நம் அண்டை நாடாகிய இலங்கையில் வாழ்ந்த ஒரு கலைஞரின் வரலாற்றைக் காண்போம். அவர் பெயர் லயனல் வென்ட்.

வென்ட் 1900ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் பறங்கியர் வகுப்பைச் சேர்ந்தவர், உயர்நீதிமன்ற நீதிபதி. தாயார் சிங்களக் குடும்பத்தில் பிறந்தவர். அக்கால வழக்கப்படி மகனும் சட்டம் பயில இலண்டன் மாநகருக்குக் கப்பலேறினார். அங்கே இன்னர் டெம்பிளில் சட்டம் படித்துக்கொண்டே, இராயல் இசைக் கழகத்தில் பியானோவும் பயின்றார். 1924ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியபோது அவர் கையில் வழக்கறிஞர் பட்டம் இருந்தது. உள்ளத்திலோ இசையே இருந்தது. சில காலத்திற்குள் வழக்குமன்றத்தை விட்டு விலகிப் பியானோவின் முன் அமர்ந்துவிட்டார். ஐரோப்பாவில் அப்போதுதான் தோன்றியிருந்த புதிய இசையைக் கொழும்பு மக்களின் செவிக்கு முதலில் கொண்டு வந்தவர்களுள் அவரும் ஒருவர்.

வென்டின் வீடு நண்பர்கள் கூடும் இல்லமாயிற்று. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா, 1929ஆம் ஆண்டளவில் தம் நாட்டின் தூதரக அலுவலராகக் கொழும்பில் இருந்தார். வயது இருபத்தைந்து, மொழி புதிது, வெள்ளவத்தைக் கடற்கரையில் தனிமையான வாழ்க்கை. அவருக்கு வென்ட் செய்த உதவியை நெரூடா தம் வாழ்க்கை நினைவுகளில் நன்றியோடு குறித்திருக்கின்றார். வாரந்தோறும் ஒரு சைக்கிள்காரர் மூட்டை நிறைய நூல்களைச் சுமந்துகொண்டு அவர் வீட்டு வாயிலுக்கு வருவாராம். நூல்களை அனுப்பியவர் வென்ட். வேற்றூரில் தனித்து வாழ்வோருக்கு இத்தகைய நட்பு எத்துணை பெரிதென்பதை நம் நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1930களின் தொடக்கத்தில் வென்ட் நிழற்படக் கலையில் முழுமையாக ஈடுபட்டார். 1934ஆம் ஆண்டில் பாசில் ரைட் என்னும் ஆங்கிலேயர், 'சாங் ஆஃப் சிலோன்' என்ற திரைப்படத்தை எடுக்க இலங்கைக்கு வந்தபோது, நாட்டை அவருக்குக் காட்டிய நண்பர் வென்டே ஆவார். அப்படத்தில், 17ஆம் நூற்றாண்டில் கண்டி நாட்டில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த இராபர்ட் நாக்ஸ் எழுதிய நூலின் பகுதிகளைத் தம் குரலால் படித்தவரும் அவரே. 1935ஆம் ஆண்டில் பிரசல்ஸ் நகரில் அப்படம் முதற் பரிசு பெற்றது. 1938ஆம் ஆண்டில் இலண்டன் கேமரா கிளப்பில் வென்டின் படங்கள் தனிக் காட்சியாக வைக்கப்பெற்றன. மாணவராகச் சென்ற நகருக்கு அவர் இப்போது கலைஞராகத் தம் நாட்டைக் கொண்டு சென்றார் எனலாம்.

அவர் எடுத்த படங்கள் பல திறத்தன. வயல், கடல், பழைய கோயில், கண்டி நடனக் கலைஞர், மீனவர் ஆகியோரின் காட்சிகள் ஒருபுறம். ஆடையற்ற மனித மேனியின் படங்கள் மற்றொருபுறம். பின்னவற்றுள் ஆண்களின் உருவமே மிகுதி. உழைத்து உரம் பெற்ற தோளும், வளைந்த முதுகும், அவற்றின் மீது விழும் பக்க ஒளியுமே அப்படங்களின் பொருள். ஒளி எங்கே தொடங்குகின்றது, நிழல் எங்கே அடங்குகின்றது என்பதை அவர் இசையின் ஏற்ற இறக்கம் போலவே அமைத்தார்.

இதற்கு அவர் கையாண்ட முறைகளுள் ஒன்றை விளக்குதல் பொருந்தும். இருட்டறையில் படத்தை மருந்து நீரில் கழுவி உருவத்தை வெளிக்கொணரும்போது, இடையில் ஒரு நொடி வெள்ளொளியைப் படரவிட்டால், கறுப்பும் வெளுப்பும் ஓரளவு இடம் மாறிக்கொள்ளும். இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பில், பென்சிலால் வரைந்தாற் போன்ற ஒரு மெல்லிய கோடு தோன்றும். பாரிசில் மான் ரே என்னும் கலைஞர் புகழ்பெறச் செய்த முறை இது. ஒரு நொடி கூடினாலும் குறைந்தாலும் படம் கெட்டுவிடும். தாளம் தவறாது பழகிய கைக்கு இப்பணி இயல்பாக வாய்த்ததில் வியப்பில்லை.

அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்சும் இளமையில் பியானோ பயின்றவரே. நெகடிவ் என்பது இசைக்குறிப்புப் போன்றது என்றும், அதிலிருந்து தாளில் எடுக்கும் படம் கச்சேரி போன்றது என்றும் அவர் ஒப்புமை கூறுவதுண்டு. குறிப்பு ஒன்றே, ஆனால் வாசிக்குந்தோறும் கச்சேரி சிறிது வேறுபடும். இவ்வொப்புமையை மனத்தில் வைத்துக்கொண்டு வென்டின் இறுதிக் காலத்தைக் காண்போம்.

1943ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஹாரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, மஞ்சுஸ்ரீ முதலிய ஓவியர்கள் வென்டின் இல்லத்தில் கூடி ஒரு குழுவை அமைத்தனர். பழைய முறையையே பின்பற்றிய ஓவியப் போக்கிலிருந்து விலகி, புதிய வழி காண விரும்பிய அக்குழுவிற்கு 'நாற்பத்து மூன்று குழு' என்பதே பெயராயிற்று. அடுத்த ஆண்டு டிசம்பர்த் திங்கள் 19ஆம் நாள், நாற்பத்து நான்கு வயது நிறைந்த சில நாட்களிலேயே, வென்ட் மாரடைப்பால் காலமானார். அவர் மறைவிற்குப் பின் அவருடைய நெகடிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இசைக்குறிப்பு முழுவதும் போயிற்று. இனி அந்தக் கச்சேரியை மீண்டும் நிகழ்த்த எவராலும் இயலாது.

எஞ்சியவை வென்ட் தம் கையால் தாளில் எடுத்துவைத்த படங்களே. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, 1950ஆம் ஆண்டில் நண்பர்கள் இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டனர். அவர் வீடு இருந்த இடத்தில் ஒரு கலையரங்கை எழுப்பி, 1953ஆம் ஆண்டில் திறந்து வைத்தனர். இன்றும் கொழும்பில் நாடகமும் இசையும் நிகழும் அவ்வரங்கு அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 2017ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் பெரிய கலைக் காட்சிகளில் ஒன்றான டாக்குமென்டாவில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. நட்பு காத்துத் தந்திராவிடில் உலகம் அவற்றைக் கண்டிருக்குமா என்பது ஐயமே.

முதலில் எழுப்பிய கேள்விக்கு இனி வருவோம். வென்ட் எந்தக் கண்ணோடு பார்த்தார்? இகழ்ச்சியோடு அன்று, வேடிக்கையோடும் அன்று. ஆள்வோர் கண்ணுக்குக் கூலியாளாக மட்டுமே தெரிந்த மனிதனிடத்தில் அவர் சிற்பத்தின் பெருமிதத்தைக் கண்டார். எனினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. படம் எடுத்தவர் செல்வக்குடியில் பிறந்தவர். படத்தில் நின்றோருள் பலர் உழைப்பாளிகள். எடுத்தவரின் பெயர் அரங்கின் முகப்பில் நிற்கின்றது. நின்றவரின் பெயரோ படத்தோடு வழங்கவில்லை. கலையின் அழகு அந்தக் குறையை ஈடுசெய்துவிடாது.

நேயர்களே! ஊரை விட்டு வந்த நம் ஒவ்வொருவர் வீட்டுப் பெட்டியிலும் சில பழைய படங்கள் இருக்கும். திண்ணையில் அமர்ந்த பாட்டனார், திருமணக் கோலத்தில் அத்தை, யாரென்று இப்போது எவருக்கும் விளங்காத ஓர் இளைஞர். அவர்களை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டறிந்து, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயரையும் ஊரையும் ஆண்டையும் மெல்ல எழுதி வையுங்கள். வென்டின் படங்களில் நின்றவர்களுக்கு எவரும் செய்யாது விட்ட பணி அது; நம் வீட்டாருக்கு நாம் இன்றே செய்யக்கூடியதும் அதுவே.