'பட்'டென்று அணையும் கம்ப்யூட்டர்! தொண்டூர் கடையில் சிக்கிய 'குற்றவாளி'!

செஞ்சி, மே 14-

கல்லூரிக்கு மனுப் போடும் நேரம். செஞ்சி பக்கம் தொண்டூரில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. வெளியே ஏழெட்டுப் பேர் காத்து நிற்கிறார்கள். ஒரு மாணவியின் மனுவை முக்கால்வாசி நிரப்பியாகி விட்டது. திடீரென்று பெட்டிக்குள் 'விர்ர்' என்று இரைச்சல். அடுத்த நொடி திரை கறுப்பு. கம்ப்யூட்டர் அவுட்!

காலையிலிருந்து இது நான்காவது தடவை. "மதர்போர்டு போச்சு, ஆறாயிரம் ஆகும்னு சொல்றாங்க. எங்கே போறது?" என்று கடைக்காரர் தலையில் கை வைத்தார்.

செஞ்சியிலிருந்து மெக்கானிக் வாலிபர் வந்தார். பெட்டியைத் தொட்டதுமே கையை இழுத்துக் கொண்டார்.

"அண்ணே, போர்டு நல்லாத்தான் இருக்கு. பிராசஸர் கொதிக்குது!"

தன்னைத் தானே காக்கும் 'சில்லு'

கம்ப்யூட்டரின் மூளை பிராசஸர். அதற்குள்ளேயே சூட்டை அளக்கும் கருவி உண்டு. இப்போதைய இன்டெல் சில்லுகள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதைத் தொட்டால் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். ('மெஷின் ஸ்லோ' என்று நாம் திட்டுவது இதைத்தான்!) அப்படியும் சூடு ஏறினால் அணைந்து விடும். கருகாமல் தப்பிக்க அது செய்யும் வேலை இது. உடனே மறுபடி மறுபடி சுவிட்சைத் தட்டுவது மடத்தனம்.

எல்லா சில்லுக்கும் இந்தச் சமர்த்து இருந்ததில்லை. 2001-ல் ஓடிக் கொண்டிருந்த ஏ.எம்.டி. அத்லான் சில்லின் மேலிருந்த அலுமினியக் கட்டியை எடுத்துக் காட்டினார்கள். புகை விட்டுக் கருகியது. பென்டியம்-4 வேகத்தைக் குறைத்துக் கொண்டு தப்பியது.

மூடியைத் திறந்தால்...

கரண்ட் ஒயரைப் பிடுங்கி விட்டு மூடியைக் கழற்றினார் வாலிபர். அடேயப்பா! காற்றாடிக்கும் கட்டிக்கும் நடுவே கம்பளி மாதிரி தூசி. கட்டியைப் பிடித்திருக்கும் நான்கு பின்களில் ஒன்று கழன்று கிடந்தது. சில்லுக்கும் கட்டிக்கும் நடுவே தடவிய பசை காய்ந்து சுண்ணாம்பாகி இருந்தது.

பிளோயர் அடிக்கும் போது காற்றாடியை விரலால் பிடித்துக் கொண்டார். சும்மா விட்டால் கன்னாபின்னாவென்று சுற்றிக் கெட்டுப் போகுமாம். பழைய பசையை ஸ்பிரிட்டில் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தார். "நிறைய அப்பினா நல்லதுன்னு நினைக்காதீங்க." பின்கள் நான்கும் 'கிளிக்' என்று உட்கார்ந்தன.

பெட்டி இருந்த இடமும் மோசம். மரமேஜையின் மூடிய அறைக்குள் திணித்து வைத்திருந்தார்கள். விட்ட சூட்டையே திரும்ப இழுத்தால் எப்படி ஆறும்? அதுவும் செஞ்சி வெயிலில்! பாறைகளே ராத்திரி வரைக்கும் சூட்டைக் கக்குகிற ஊர். அறை 40 டிகிரி என்றால் எந்தக் காற்றாடியும் அதற்குக் கீழே இறக்காது. பெட்டி வெளியே வந்தது. பயாஸ் திரையில் சூடு எவ்வளவு என்று பார்க்கவும் கடைக்காரர் கற்றுக் கொண்டார்.

தூசி தட்டித் தீராத கேஸும் உண்டு. இன்டெல்லின் 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் சிலவற்றில் மின்அழுத்தக் கோளாறு என்று 2024-ல் கம்பெனியே ஒப்புக் கொண்டது. வாரண்டியை 2 ஆண்டு கூட்டிக் கொடுத்தது. அந்தச் சில்லு வைத்திருப்போர் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்.

தொண்டூரில் ஆன செலவு, பசையும் கூலியும்தான். மாணவியின் மனு சாயங்காலம் 5 மணிக்குள் போய்ச் சேர்ந்தது.