நகரவைக்கு வந்த நெசவு வணிகர்: பிட்டி தியாகராயர்

துறைமுக நகரங்களில் செல்வம் வணிகரிடத்தும் அதிகாரம் அந்நிய ஆட்சியாளரிடத்தும் இருந்த நிலையைத் திருகோணமலையார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. இங்குள்ள கடற்படைத் தளம் ஆங்கிலேயர் கையினின்று நீங்கியது 1957இலேயாம். அத்தகைய மற்றொரு துறைமுக நகராகிய சென்னையில் வணிகராயிருந்து நகராட்சித் தலைவரானவர் பிட்டி தியாகராயச் செட்டியார்.

1852இல் நெசவும் வணிகமும் நடத்திய குடும்பத்திற் பிறந்த இவர், மாநிலக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். கயிற்றை இழுத்து நாடாவை விரைந்தோட்டும் புதிய கைத்தறியைத் தம் நெசவுச்சாலையிற் புகுத்தினார். 1909இல் தென்னிந்திய வணிகக் கழகம் தோன்றியபோது முன்னின்றவர்களுள் இவரும் ஒருவர்.

எனினும் இவரது உள்ளம் பெரிதும் தோய்ந்தது நகரவையிலேயாம். 1882 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதன் உறுப்பினராயிருந்து, பின்னர் அதிகாரியல்லாத முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1916இல் டி. எம். நாயர் முதலியோருடன் தொடங்கிய நீதிக்கட்சி 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு அமைச்சரவை அமைக்க அழைத்தும் இவர் இசைந்தாரில்லை. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். வேட்டியும் வெண்ணிறத் தலைப்பாகையும் விடாத இவரை ‘வெள்ளுடை வேந்தர்’ என மக்கள் வழங்கினர். உடையினும் கருதத்தக்கது இவர் ஏற்படுத்திய உணவுத் திட்டமே.

வறுமையால் பிள்ளைகள் பள்ளிக்கு வாராமை கண்டு, 1920இல் ஆயிரம்விளக்கு நகராட்சிப் பள்ளியில் நண்பகல் உணவளிக்க நகரவை தீர்மானித்தது. மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. அணா ஒன்று ரூபாயிற் பதினாறில் ஒரு கூறு என்பதை இளையோர் அறிந்துகொள்க. வருகை பெருகவே, வேறு நகராட்சிப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது.

ஆயின் தொடக்கக் கல்வி நிதியினின்று உணவுச் செலவைப் பற்றெழுத அரசாங்கம் இடந்தரவில்லை. பசித்த பிள்ளைக்குக் கல்வி ஏறாதென்பது கணக்குப் புத்தகத்தில் இடம்பெறும் செய்தியன்று போலும்! 1925 ஏப்பிரல் முதல் நாளில் உணவு நின்றது. அவ்வாண்டிலேயே செட்டியாரும் காலமானார். சென்னை அரசு பள்ளிகளில் நண்பகல் உணவை 1956இல் காமராசர் காலத்திலேதான் பரவலாக்கியது. அதற்குள் முதற்பள்ளியிற் பயின்ற சிறுவர் நடுவயதினராயிருந்தனர்.