தோற்றுக் கற்பிக்கும் ஆசான்கள்

ஜப்பானின் பழைய வாட்பயிற்சிப் பள்ளிகளில் இருவர் மரவாள் ஏந்தி எதிரெதிரே நிற்பார்கள். பெரும்பாலும் முதலில் வெட்ட வருபவர் மூத்தவர். முடிவில் தோற்பவரும் அவரே. எந்த நொடியில், எவ்வளவு தூரத்தில் பதிலடி விழ வேண்டும் என்பதை மாணவர் அந்தத் தாக்குதலிலிருந்தே கற்றுக்கொள்கிறார். அசைவுகளை முன்பே வகுத்துவைத்துச் செய்யும் இந்தப் பயிற்சிதான் ‘கட்டா’. ‘ரியூ’ எனப்படும் வாள் மரபுகள் தங்கள் அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டாக்களில்தான் காத்துவந்தன. 15ஆம் நூற்றாண்டில் ஈசாசா இயெநாவோ தொடங்கிய கத்தோரி ஷின்தோ ரியூ இன்றும் அப்படித்தான் கற்பிக்கப்படுகிறது.

மரவாளும் மண்டையை உடைக்கும். அதனால் அடி உடலைத் தொடுமுன் நின்றுவிட வேண்டும். முழு வேகத்தில் அடித்துப் பழகுவது எப்படி? பிளந்த மூங்கிலைத் தோலுறையில் இட்ட வாளை 16ஆம் நூற்றாண்டில் உருவாக்கியவர் ஷின்காகே ரியூவைத் தொடங்கிய காமியிசுமி நொபுத்சுனா என்பது மரபு. 18ஆம் நூற்றாண்டில் ஜிகிஷின்காகே ரியூவும் நாகானிஷி வழி இத்தோ ரியூவும் முகக்கவசம், கையுறை, மார்புக்கவசம் ஆகியவற்றைச் செம்மைப்படுத்தின. அதன்பின் பயமின்றி அடிக்கலாம் என்றானது. மூங்கில் வாளும் கவசமும் கொண்டு ஆடும் இன்றைய கெண்டோ அங்கேதான் பிறந்தது என்பேன்.

இத்தோ ரியூ தந்தது கவசம் மட்டுமல்ல. எதிராளி வெட்டும் அதே கோட்டில் தானும் வெட்டி, அவர் வாளை விலக்கும் அசைவிலேயே அவரையும் வீழ்த்துவது அதன் உயிர்நாடியான உத்தி. கெண்டோவில் இருவர் முனையோடு முனை உரசி நடுக்கோட்டைக் கைப்பற்றப் போராடுவதில் அதன் தடம் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் மூங்கில் வாளுக்குக் கூர்முனை கிடையாது. புள்ளிக்காக அடித்துப் பழகுபவர் கையிலிருப்பது வாள் என்பதையே மறந்துவிடலாம். 1876இல் பொது இடங்களில் வாள் தரிப்பது தடைசெய்யப்பட்ட பிறகு இந்த ஆபத்து கூடியது. அதை எதிர்கொள்ள 1912இல் பல மரபுகளின் வல்லுநர்கள் கூடிப் பத்துக் கட்டாக்களை வகுத்தார்கள்: ஏழு நெடுவாளுக்கு, மூன்று குறுவாளுக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெண்டோவுக்கு வந்த தடையையும் தாண்டி அவை நிலைத்தன.

கெண்டோவின் மிக உயர்ந்த தேர்வு எட்டாம் ‘டான்’, அதாவது எட்டாம் தரநிலைக்கானது. அதற்கு 46 வயதாவது ஆகியிருக்க வேண்டும். மூங்கில் வாள் ஆட்டச் சுற்றுகளைக் கடந்தவர்களும் அந்தக் கட்டாக்களைச் செய்து காட்டினால்தான் தேற முடியும்.