எல்லை தாண்டாமல் ஒரு பயணம்

விடுமுறை வந்ததும் விசாக் கவலையும் கூடவே வந்துவிடும். நோர்வேயில் வாழும் நம்மவர்க்கு அந்தக் கவலை வேண்டாம். மலையும் கடலும் உள்நாட்டிலேயே இருக்கின்றன.

ஓண்டல்ஸ்னெஸ் அருகே ஏறும் துரோல்ஸ்தீகன் மலைப்பாதை 1936இல் திறக்கப்பட்டது. அதில் 11 கொண்டை ஊசி வளைவுகள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், கல் விழும் அபாயம் வந்தால் கோடையிலும் மூடுவதுண்டு. எனவே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். இறங்கும்போது பிறேக்கை அழுத்தியபடியே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமற் போகும். சிறிய கியரில் மெதுவாக இறங்குங்கள்.

மலையிலிருந்து இறங்கி மொல்டே வழியாகச் சென்றால் அத்திலாந்திக் வீதி. 1989இல் திறந்த இவ்வீதி 8 பாலங்களால் சிறு தீவுகளை இணைக்கிறது. வரைபடத்தில் கிட்டவாகத் தெரியும்; ஆனால் வளைவுகளும் படகுத்துறையும் நேரத்தை விழுங்கும்.

ஊரில் எடுத்த சாரதி அனுமதிப்பத்திரம் இங்கு நெடுநாள் செல்லாது. முதலில் அதைச் சரிபாருங்கள். 135 சென்ரிமீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம்.

விடுதிச் செலவுக்கும் அஞ்சவேண்டாம். பயிரிடாத வெளிநிலத்தில், வீடுகளிலிருந்து 150 மீற்றராவது தள்ளி, 2 இரவுகள்வரை கூடாரம் அடிக்கச் சட்டம் இடந்தருகிறது. இங்கு பிறந்தவர், வந்தவர் என்ற பேதம் அதில் இல்லை.