நித்தவளையில் ஒரு பிற்பகல்

கல்லூரியிலே தமிழிலக்கியம் கற்பிக்கும் நாம் றக்பி ஆட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தது வாசகர்களுக்கு வியப்பாயிருக்கலாம். எமக்கே வியப்புத்தான். முப்பது பேர் சேற்றிலே கட்டிப் புரளுவதில் என்ன சுவை உண்டென்று நெடுநாள் எண்ணியிருந்தோம். சென்ற பருவத்தில் அவ்வெண்ணத்தை மாற்றியவர் எமது தாய்மாமன்.

மாமாவுக்கு வயது எழுபத்தெட்டு. கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியின் பழைய மாணவர். கண்டி விளையாட்டுக் கழகம் நித்தவளை மைதானத்தில் ஆடும் பருவத்தின் முதற் போட்டிக்கு, எமக்கு நினைவு தெரிந்த நாளாய், அவர் போகாதிருந்ததில்லை. ஆனால் கண்ணழுத்த நோயினால் அவர் பார்வை ஆண்டுக்காண்டு குன்றிவந்தது. இழந்த பார்வை இனி மீளாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். "இந்த ஒருமுறை கூட்டிக்கொண்டு போ, தம்பி. இதோடு போதும்" என்றார். மறுக்க மனம் வரவில்லை. பன்னிரண்டு வயதுடைய எம் மகனும் உடன் புறப்பட்டான்.

மாத்தளையில் பஸ் ஏறினோம். அக்குறணை கழியும்வரை மாமா வாய் திறக்கவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் ஓசையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளையர் 1879 இல் கொழும்பில் இவ்வாட்டத்தைத் தொடங்கியதையும், கிங்ஸ்வூட்டைத் தோற்றுவித்த எல். ஈ. பிளேஸ் 1891 இல் அதனைப் பள்ளி மாணவரிடம் கொண்டு வந்ததையும், 1906 இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் முதன்முதல் மோதியதையும் சொன்னார். 1945 இல் தொடங்கிய பிரட்பி கேடயத்தைப் பற்றி மகன் கேட்டபோது, "அது திரித்துவத்தாருக்கும் றோயலுக்கும் உள்ள வழக்கு. எங்களுக்கு என்ன?" என்று முடித்துவிட்டார்!

மைதானத்தில் சனத்திரள். பப்பரே வாத்தியம் முழங்கியது. வடை பொரியும் வாசனையும் வறுத்த கச்சானின் வாசனையும் கலந்து வந்தன. மாமா எம் தோளைப் பற்றியவாறே, தாம் வழக்கமாய் அமரும் மூலைக்கு எம்மை வழிநடத்தினார். கண் தெரிந்தவர் பின்னே நடந்தோம்.

மகன் அவருக்கு நடப்பதை எடுத்துரைத்தான். சிறிது நேரத்தில் நிலைமை மாறிற்று. இரு பக்கத்தும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து முட்டும் ஸ்க்ரம் ஒன்றில், அவன் வாய் திறக்குமுன் "சரிந்துவிட்டது" என்றார் மாமா. அதன் பின்னரே மத்தியஸ்தரின் ஊதல் கேட்டது. உடல்கள் மோதும் ஓசையிலும் சனங்களின் மூச்சிலும் அவர் ஆட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தார். விளங்காது விழித்தவர் நாமே. கையிலுள்ள பந்தை முன்னே எறிதல் குற்றம். பின்னே நிற்பவனுக்கே கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்துக் கொடுத்தே முன்னேற வேண்டும். இந்த விநோதத்தை அவர் விளக்கிய பிறகே, ஓடுகிறவனை விட்டு அவன் பின்னால் வருகிறவனைப் பார்க்கக் கற்றோம். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் பதித்தால் ட்ரை. "நான் படிக்கும் காலத்தில் அதற்கு மூன்று புள்ளி. 1971 இல் நான்காக்கினார்கள், 1992 இல் ஐந்தாக்கினார்கள். தேயிலை விலை போல" என்று சிரித்தார்.

கடைசி நிமிடத்தில் கண்டி அணி இரண்டு புள்ளிகளால் பின்தங்கியிருந்தது. தண்ட உதை ஒன்று கிடைத்தது. சென்றால் மூன்று புள்ளி, வெற்றி. மைதானம் முழுதும் அடங்கியது. பாதணி பந்தில் பட்ட ஓசை கேட்டது. பந்து இன்னும் வானத்தில் இருக்கையிலேயே மாமா தலையை அசைத்தார்.

"சரியாகப் படவில்லை, தம்பி."

பந்து கம்பத்திற்கு வெளியே விழுந்தது.

"பாசில் மரிஜா இருந்திருந்தால்..." என்று பெருமூச்செறிந்தார். அவரும் கிங்ஸ்வூட்டில் கற்றவர். கண்டி அணிக்கும் நாட்டின் அணிக்கும் தலைமை தாங்கியவர். திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. மாமா கண்களை மூடியிருந்தார். உறங்குகிறார் என்றே எண்ணினோம். அலவத்துகொடையை அண்மித்தபோது மெல்ல மகனின் முழங்காலைத் தட்டினார்.

"அடுத்த ஆட்டம் இங்கேயா, கொழும்பிலேயா?"

"கொழும்பில், தாத்தா. அதற்கடுத்தது இங்கே."

"அன்றைக்கு உனக்கு டியூசன் இருக்கிறதா?" என்று கேட்டார்.